மலைக்கு மரபணு மாறிய விலங்கா, சும்மா பழகிக்கொண்டதா: பிரித்துப் பார்ப்பது எப்படி

இமயமலைக்கு மேலே பறக்கும் வாத்து, ஐயாயிரம் மீட்டரில் மேயும் யாக், எரிமலை உச்சியில் எலி என்று ஏதாவது ஒரு வீடியோ அடிக்கடி கண்ணில் படுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே "இதன் மரபணுவே அப்படி" என்று ஒரு வரி இருக்கும். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் உடம்பு சில வாரங்களில் பழகிக்கொண்டதை மரபணுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், இன்னும் சில நேரம் மூதாதைக்குச் சமவெளியிலேயே இருந்த குணத்தை மலைக்காக வந்தது என்கிறார்கள். இந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூட உயிரியல் ஞாபகம் இருந்தால் போதும். கடைசியில் கம்ப்யூட்டரில் நீங்களே செய்து பார்க்க ஒரு வேலையும் இருக்கிறது.

முதலில் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்

மலை என்றதும் ஆக்சிஜன் பஞ்சம் என்று முடிவு கட்ட வேண்டாம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் குறைவது காற்றழுத்தம், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் குறைகிறது. 5,500 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், அங்கே கிட்டத்தட்ட முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது. அதனால் நம்ம ஊர் வரையாட்டை இந்தக் கதையில் சேர்க்க நான் தயங்குவேன். செங்குத்துப் பாறையில் ஏறுவது அதன் திறமை, மூச்சுக்குப் போராடுவது அதன் பிரச்சினை இல்லை.

தோராயமாக 3,000 மீட்டருக்கு மேலே தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டு வாழ்கிறதா என்று பாருங்கள். வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் மலையைத் தாண்டும் பறவையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் சிறகடித்துப் பறக்க ஆகும் ஆக்சிஜன் செலவு மிகப் பெரியது. குளிரையும் கணக்கில் எடுங்கள். சின்ன உடம்புள்ள எலிக்கு மேலே இரட்டைக் கஷ்டம்: சூட்டைக் காப்பாற்ற நிறைய எரிக்க வேண்டும், எரிக்க ஆக்சிஜன் போதாது.

ஆனால் ஒன்று, "அங்கே வாழ்கிறது" என்பது மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது. சிலி-அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் யூயாயாகோ எரிமலையின் உச்சியில், 6,739 மீட்டரில், இலைக்காது எலி ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் பிடித்தார்கள், 2020-இல் அது செய்தியாக வந்தது. இதுவரை பாலூட்டி எதுவும் அதைவிட உயரத்தில் பிடிபட்டதாகப் பதிவில்லை. அதே இனம் சிலியின் கடற்கரை வரைக்கும் பரவிக் கிடக்கிறது என்பதை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. உச்சியில் இருக்கும் எலிகளுக்குத் தனி மரபணு மாற்றம் இருக்கிறதா என்பதை எலி அங்கே நிற்பதை வைத்துச் சொல்ல முடியாது, தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் அதிகம் என்றால் சந்தேகப்படுங்கள்

ஜனங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "மலையில் வாழ்வதால் சிவப்பணுக்கள் அதிகம், அதுதான் தகவமைப்பு" என்று பாடப்புத்தகம் மாதிரி எழுதியிருப்பார்கள். நீங்களும் நானும் லடாக்கின் லே ஊரில் போய் சில வாரம் தங்கினால் நமக்கும் சிவப்பணு ஏறும். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை விடும், எலும்பு மஜ்ஜை வேலையை முடுக்கும், ஊர் திரும்பினால் எல்லாம் பழையபடி இறங்கிவிடும். இதில் மரபணு எதுவும் மாறவில்லை.

அளவுக்கு மேல் போனால் அதுவே வியாதி. ரத்தம் கெட்டியாகிவிட்டால் இதயத்துக்கு அதைத் தள்ளுவது, கூழை மெல்லிய குழாய்க்குள் தள்ளுகிற கதைதான். ஆண்டிஸ் மலைவாசிகளில் சிலருக்கு வரும் இந்தத் தொல்லையை 1920-களில் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே விவரித்தார், இன்றும் மோங்கே நோய் என்றே பெயர்.

திபெத்தியர்களைப் பாருங்கள் (மனிதனும் விலங்குதானே). அதே உயரத்தில் வாழும் ஆண்டிஸ் மக்களைவிட அவர்களுக்கு ஹீமோகுளோபின் அளவு குறைவு, சமவெளிக்காரர் அளவை ஒட்டியே நிற்கிறது. இயற்கைத் தேர்வு அங்கே ரத்தத்தைக் கூட்டவில்லை, கூட்டச் சொல்லும் அலாரத்தின் சத்தத்தைக் குறைத்திருக்கிறது. ஆகவே ஒரு விலங்கு உயரத்தில் இருந்தும் ரத்தத்தைக் கெட்டியாக்காமல் சமாளிக்கிறது என்று கேள்விப்பட்டால்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட ஒரு சொந்தக்காரனைத் தேடுங்கள்

தனியாக ஒரு விலங்கை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதற்கு மிக நெருங்கிய, ஆனால் தாழ்வான இடத்தில் வாழும் உறவு வேண்டும். யாக்குக்கு மாடு, திபெத்திய ஓநாய்க்குச் சமவெளி ஓநாய், இமயமலையைத் தாண்டும் வரித்தலை வாத்துக்கு கிரேலாக் வாத்து. யாக்கை யானையோடு ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் வரும், எது மலைக்காக வந்தது என்று யாருக்குத் தெரியும்?

உறவைத் தேடும்போது ஒரு படி பின்னாலும் போய்ப் பாருங்கள். லாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பணு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், "ஆண்டிஸ் மலைக்கான அற்புத வடிவம்" என்று எழுதிவிடலாம், படிக்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கும் ஒட்டகத்துக்கும் அதே நீள்வட்டச் சிவப்பணுதான். அந்தக் குணம் குடும்பத்துக்கே உரியது, லாமாவின் முன்னோர் மலை ஏறும்போது ஏற்கெனவே கையில் இருந்தது. மலையில் அது உதவுகிறதா என்பது வேறு கேள்வி, மலைக்காக வந்ததா என்றால் இல்லை.

இடத்தை மாற்றி வளர்த்துப் பார்த்தார்களா?

என்னைக் கேட்டால், ஒரு ஆய்வுக் கட்டுரையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மலை விலங்கையும் சமவெளி விலங்கையும் ஒரே இடத்தில், ஒரே தீனியில் வளர்த்து, அங்கேயே குட்டி போட வைத்து, குட்டிகளிலும் வித்தியாசம் நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பிடித்து வந்த விலங்கை மட்டும் அளந்தால் போதாது, அது குட்டியாக இருந்தபோது மலைக்காற்றில் வளர்ந்த நுரையீரல் அப்படியே இருக்கும். கருப்பையில் இருந்தபோது தாய் பட்ட பாடும் குட்டியில் தெரியலாம் என்பதால், இரண்டாவது தலைமுறை வரை போயிருந்தால் இன்னும் நல்லது.

இதற்குப் பேர்போன விலங்கு வட அமெரிக்காவின் மான் எலி. கடல் மட்டத்தை ஒட்டிய நிலத்திலிருந்து 4,300 மீட்டருக்கு மேல் வரை ஒரே இனம், ஆய்வுக்கூடத்திலும் எளிதாகக் குட்டி போடும், ஆராய்ச்சியாளனுக்கு வேறென்ன வேண்டும். கொலராடோவில் சுமார் 4,350 மீட்டர் உயர மலை உச்சியில் பிடித்த எலிகளையும், நெப்ராஸ்கா சமவெளியில் சுமார் 430 மீட்டரில் பிடித்த எலிகளையும் வைத்து ஜே ஸ்டோர்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். சமவெளியிலேயே பிறந்து வளர்த்தபோது சில வித்தியாசங்கள் கரைந்து போயின, அவையெல்லாம் பழக்கத்தால் வந்தவை. சில அப்படியே நின்றன. மலை எலிகளின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிப்பது நின்றவற்றில் ஒன்று. குளிரில் கொழுப்பை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் திறமையிலும் மலை எலிகள் ஒரு படி மேல், ஆனால் அதில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பழக்கம் என்பது கலந்தே வருகிறது. நிஜத்தில் பெரும்பாலும் இப்படித்தான், ஒரே குணத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கும்.

யாக் மாதிரி பெரிய விலங்கைக் கூண்டில் வைத்துப் பல தலைமுறை வளர்க்க முடியாது. அங்கே கலப்பினம் கை கொடுக்கும். கொஞ்சம் பின்கதை வேண்டும். நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும். சமவெளியில் இது நல்ல ஏற்பாடு, காற்று போகாத மூலைக்கு ரத்தம் வீணாகப் போகாது. மலையில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு என்பதால் எல்லாக் குழாயும் சுருங்கி, அழுத்தம் எகிறி, வலப்பக்க இதயம் திணறுகிறது. கொலராடோவின் உயரமான பண்ணைகளில் மாடுகளுக்கு இதனால் நெஞ்சுக்குக் கீழே நீர் கோத்து வீங்கும், பிரிஸ்கெட் நோய் என்பார்கள். அங்கே காளை வாங்குகிறவர்கள் அதன் நுரையீரல் தமனி அழுத்தத்தைக் கால்நடை மருத்துவரிடம் அளந்து பார்த்து வாங்குவது வழக்கம். யாக்குக்கு இந்தச் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை.

சரி, அது பிறவிக் குணமா? லடாக்கில் செய்து 1986-இல் வெளியான ஒரு ஆய்வு யாக், மாடு, இரண்டுக்கும் பிறந்த ஸோ, ஸோவை மறுபடி மாட்டோடு சேர்த்துப் பிறந்த ஸ்டோல் எல்லாவற்றையும் அந்த உயரத்திலேயே அளந்தது. ஸோக்கள் யாக் போலவே இருந்தன. ஸ்டோல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன, ஒன்று யாக் பக்கம், இன்னொன்று மாட்டுப் பக்கம். எல்லாம் ஒரே மலையில் நிற்கின்றன, ஒரே காற்றை மூச்சு விடுகின்றன, ஆனாலும் பரம்பரை வழியாகவே பிரிகின்றன. மரபணு வரிசை எதையும் படிக்காமல், மெண்டல் பட்டாணிக் கணக்கை வைத்தே முடித்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

மரபணுப் பட்டியலைப் படிக்கும்போது

இப்போது வரும் கட்டுரைகளில் பாதி, மலை விலங்குகள் சிலவற்றின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, சமவெளி உறவோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் வித்தியாசம் விபரீதமாகப் பெரிதாக இருக்கிறது என்று தேடுபவை. இதில் அடிக்கடி மாட்டும் பெயர் ஈபாஸ்1. உடம்பில் ஆக்சிஜன் குறைவை உணரும் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஹிஃப் எனப்படும் புரதங்கள் செல்லில் எப்போதும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் இருக்கும்வரை அவற்றை ஒரு நொதி அடையாளம் வைத்து அழிக்கச் சொல்லும், ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது, ஹிஃப் சேர்ந்துகொண்டு சிவப்பணு உற்பத்தி உட்பட நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2019-இன் மருத்துவ நோபல். ஈபாஸ்1 அந்த ஹிஃப் புரதங்களில் ஒன்றுக்கான மரபணு.

2010-இல் திபெத்தியர்களிடம் ஈபாஸ்1-இன் ஒரு வடிவம் 87 சதவீதம் என்றும், நெருங்கிய உறவான ஹான் சீனர்களிடம் வெறும் 9 சதவீதம் என்றும் வந்தபோது யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. இவ்வளவு நெருங்கிய இரண்டு கூட்டத்துக்குள் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வராது. அதோடு அந்த வடிவம் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்பதும் சேர்ந்தே வந்தது. மரபணு வித்தியாசம், உடம்பில் வித்தியாசம், இரண்டும் கைகோர்த்து வர வேண்டும், அதுதான் முக்கியம்.

அப்படி வராத பட்டியல்களில் ஜாக்கிரதை. முழு மரபணுத் தொகுதியைத் தேடினால் ஏதாவது ஐம்பது பெயர் எப்படியும் வரும். அதில் "ரத்தக்குழாய்", "ஆக்சிஜன்" என்று தொடர்புள்ள நாலைப் பொறுக்கி எடுத்து அழகான கதை கட்டிவிடலாம். உயரத்தில் குளிர், புற ஊதாக் கதிர், வேறு தீனி, வேறு நோய்க்கிருமி எல்லாமும் இருக்கின்றன, மாறிய மரபணு எதற்காக மாறியது என்று பட்டியல் சொல்லாது. மலைக்கூட்டம் எப்போதோ வெகு சில விலங்குகளிலிருந்து பெருகியதாக இருந்தால் தேர்வே இல்லாமலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பட்டியலோடு நின்றுவிட்ட கட்டுரையை நல்ல துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு என்று அல்ல.

புரதத்தைச் செய்து பார்த்தார்களா?

தீர்ப்புக்கு வேதியியல் வேண்டும். ஹீமோகுளோபின் இந்தத் துறையின் செல்லப்பிள்ளை ஆனதற்குக் காரணமே, அதைக் குழாயில் வைத்து அளக்கலாம் என்பதுதான். பாதி ஹீமோகுளோபின் நிரம்ப எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் தேவை என்று அளப்பார்கள், எண் குறைந்தால் பிடி இறுக்கம்.

வரித்தலை வாத்து நமக்குத் தெரிந்த பறவைதான், குளிர்காலத்தில் திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளம் வரை வருகிறது. கோடையில் மங்கோலியா, திபெத் பக்கம் இனப்பெருக்கம், இடையில் இமயமலை. ஹீமோகுளோபின் என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வகை அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்தது. இந்த வாத்தின் ஆல்ஃபா சங்கிலியில் 119-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின். அந்த இடத்தில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், தொடர்பு ஒன்று விடுபட்டால் மூலக்கூறு ஆக்சிஜன் ஏறிய வடிவத்துக்கு எளிதாகச் சாயும் என்று 1983-இல், ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்த மேக்ஸ் பெரூட்ஸ் கணித்தார். 1991-இல் மனித ஹீமோகுளோபினில் அதே மாற்றத்தைச் செய்து பார்த்தபோது பிடி உண்மையிலேயே இறுகியது. 2018-இல் இன்னொரு படி மேலே போய், வாத்துகளின் மூதாதைக்கு இருந்திருக்கக்கூடிய ஹீமோகுளோபினையே கணக்கிட்டு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புகுத்தி அளந்தார்கள், 119-தான் பெரிய பங்கு என்று நின்றது. ஒரு மரபணுக் கூற்றை இதைவிட நேர்மையாகச் சோதிக்க முடியாது.

ஏன் மூதாதை வரைக்கும் போக வேண்டும் என்று கேட்டால், மான் எலியில் பதில் இருக்கிறது. அதன் ஹீமோகுளோபினில் ஒரே மாற்றம், பக்கத்து இடங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு எலியில் பிடியை இறுக்கவும் இன்னொன்றில் தளர்த்தவும் செய்கிறது, 2013-இல் இதைக் காட்டினார்கள். 2016-இல் 28 ஜோடிப் பறவைகளை, மலையில் ஒன்று சமவெளியில் ஒன்று என்று வைத்து அளந்தபோது, மலைப் பறவைகளில் பிடி இறுகியிருப்பது திரும்பத் திரும்ப வந்தது, ஆனால் எந்த அமினோ அமிலம் மாறி இறுகியது என்பது பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வேறு. ஆகவே "வாத்தின் மாற்றம் கழுகில் இல்லை, அதனால் கழுகு தகவமையவில்லை" என்று யாராவது வாதிட்டால் விட்டுவிடாதீர்கள்.

மரபணு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்

புதிதாக மாறித்தான் வர வேண்டும் என்றில்லை, கடன் வாங்கியும் வரலாம். திபெத்தியர்களின் ஈபாஸ்1 வடிவம், அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களோடு கலந்ததில் வந்தது என்று 2014-இல் தெரிந்தது. திபெத்திய மாஸ்டிஃப் நாய்களுக்குத் திபெத்திய ஓநாய்களிடமிருந்து வந்திருக்கிறது, திபெத்திய மாடுகளுக்குள் யாக்கின் துண்டுகள் இருக்கின்றன. மலைக்குப் புதிதாக வந்தவர், ஏற்கெனவே அங்கே இருந்தவரிடம் வாங்கிக்கொள்வது குறுக்குவழி.

தொலைத்தும் ஜெயிக்கலாம், திபெத்திய மான் எனப்படும் சிரு அப்படி. செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் குட்டிப் பருவத்தில் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஹீமோகுளோபின் உண்டு, வளர்ந்ததும் வேறொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும், ரத்தசோகை வந்தால் மட்டும் பழையது தலைகாட்டும். சிருவில் வளர்ந்த பருவத்துக்கான பீட்டா மரபணுவே அழிந்துபோய்விட்டது, அதனால் வாழ்நாள் முழுக்கக் குட்டிக்கால ஹீமோகுளோபினோடே ஓடுகிறது.

நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள்

யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தளம் இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை. தேடல் பெட்டியில் வரித்தலை வாத்தின் அறிவியல் பெயரான ஆன்சர் இண்டிகஸ் (Anser indicus) என்பதை ஆங்கிலத்தில் தட்டி, கூடவே ஹீமோகுளோபின் ஆல்ஃபா என்று சேருங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் ஆல்ஃபா-ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஆல்ஃபா-டி என்பது வேறு சங்கிலி. அப்புறம் கிரேலாக் வாத்துக்கு ஆன்சர் ஆன்சர் (Anser anser) என்று தேடி அதன் ஆல்ஃபா-ஏ-யையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் தேர்வு செய்து அலைன் (Align) என்ற பொத்தானை அழுத்துங்கள். இரண்டு வரிசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், மாறிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். கடைசிப் பகுதியில் கிரேலாக்கில் பி என்றும் வரித்தலையில் ஏ என்றும் ஒரு இடம் மாறியிருப்பதைத் தேடுங்கள், பி என்றால் புரோலின், ஏ என்றால் அலனின். எண் 119 என்று இல்லாமல் 120 என்று காட்டினால் பதற வேண்டாம். தொடக்கத்தில் இருக்கும், பிறகு வெட்டப்பட்டுவிடும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

இரண்டே வரிசையில் எது பழசு, எது புதுசு என்று தெரியாது. வரித்தலையில் மாறியதா, கிரேலாக்கில் மாறியதா? அதற்காகக் கோழி, தாரா, இன்னும் இரண்டு மூன்று வாத்துகளைச் சேர்த்து மறுபடி அலைன் செய்யுங்கள். மற்ற எல்லோரும் பி-யில் நின்று வரித்தலை மட்டும் ஏ-வில் நின்றால், மாறியது வரித்தலையின் வம்சத்தில்தான்.

அது முடிந்ததும் ஆண்டிஸ் வாத்தை எடுங்கள், குளோஃபாகா மெலனாப்டெரா (Chloephaga melanoptera) என்று தேட வேண்டும். இமயமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஹீமோகுளோபின் பிடி இறுக்கம்தான். ஆல்ஃபா 119-இல் எதுவும் மாறியிருக்காது. பீட்டா சங்கிலியில் 55-ஐப் பாருங்கள், லூசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் நிற்கும். ஆல்ஃபா 119 தொட்டுக்கொண்டிருந்த எதிர்ப்பக்கம் அதுதான்.